யார் மாற்றினார் அந்தப் பெயரை?

1974-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘காட்ஃபாதர்’ இரண்டாம் பாகம் என்னும் அமெரிக்கத் திரைப்படத்தைப் பார்த்தவர்கள் அதில் வரும் ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். சிசிலித் தீவிலுள்ள கோர்லியோனே என்ற சிற்றூரில் பெற்றோரைப் பறிகொடுத்த ஒரு சிறுவன், 1901-இல் தன்னந்தனியாகக் கப்பலில் நியூயார்க் வந்து சேருகிறான். எல்லிஸ் தீவுக் குடிவரவு நிலையத்தில் வரிசையில் நிற்கிறான். அவன் பெயர் வீட்டோ அந்தோலினி. அதிகாரி பெயரைக் கேட்கிறார். சிறுவன் வாய் திறக்கவில்லை. உடையில் குத்தியிருக்கும் சீட்டைப் பார்த்துப் பெயரையும் ஊரையும் படித்துச் சொல்கிறார்கள். அதிகாரியோ ஊரின் பெயரையே குடும்பப் பெயராக எழுதிக்கொள்கிறார். அந்தோலினி மறைந்துபோய், வீட்டோ கோர்லியோனே என்ற புதிய மனிதன் அமெரிக்க மண்ணில் கால் வைக்கிறான்.

இயக்குநர் கொப்போலாவின் கைத்திறனில் இது மிகச் சிறந்த காட்சி என்பதில் ஐயமில்லை. நமக்கு இங்கு அது பிரச்சினையன்று. ‘எங்கள் பாட்டனார் பெயரை எல்லிஸ் தீவில் ஒரு குமாஸ்தா மாற்றிவிட்டார்’ என்று சொல்லும் குடும்பங்கள் அமெரிக்காவில் ஏராளம். அந்தக் கூற்றுக்கு இந்தப் படம் ஒரு கண்கூடான சாட்சியாகவே ஆகிவிட்டது. கற்பனையானது சாட்சியாக மாறும்போது அதைக் குறுக்கு விசாரணை செய்வதுதான் அறிவியல் நெறி.

விசாரணையின் முதல் சாட்சி வேறெங்கும் இல்லை, படத்தின் மூலக்கதையிலேயே இருக்கிறது. மாரியோ பூசோ 1969-இல் வெளியிட்ட நாவலில் எந்தக் குமாஸ்தாவும் பெயரை மாற்றவில்லை. பிறந்த ஊரோடு ஏதேனும் ஒரு தொடர்பு இருக்கட்டும் என்று அவனே ஊர்ப் பெயரைத் தன் பெயராக்கிக்கொள்கிறான். படத்தின் திரைக்கதையில் அதே பூசோவுக்கும் பங்கு உண்டு. ஆக, அவனே எடுத்த ஒரு முடிவு, திரைக்கு வரும்போது ஓர் அதிகாரியின் அலட்சியமாக உருமாறிவிட்டது. இரண்டில் எது வரலாற்றுக்கு அருகில் இருக்கிறது? நாவல்தான்.

குடும்பப் பெயர் என்பது நம்மில் பலருக்குப் பழக்கமில்லாத ஒன்று. தமிழ்நாட்டில் தந்தை பெயரின் முதலெழுத்தைப் பெயருக்கு முன்னால் இட்டுக்கொள்கிறோம்; அடுத்த தலைமுறையில் அந்த எழுத்து மாறிவிடும். மேலைநாட்டுக் குடும்பப் பெயர் அப்படியன்று. பாட்டன், தந்தை, மகன் என ஒரே பெயர் வழிவழியாக இறங்கி வருகிறது. இதை நம்பியே இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டனும் வாட்சன் என்ற கணித அறிஞரும் 1874-இல் ஒரு கணக்கை ஆராய்ந்தார்கள். ஒரு குடும்பப் பெயர் ஆண் மக்கள் வழியாக மட்டுமே தொடருமானால், அது அற்றுப்போவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பதே கேள்வி. பிற்காலத்தில் அணுக்கருத் தொடர்வினையில் நியூட்ரான்கள் பெருகுவதை ஆராயவும் இதே வகைக் கணக்கு பயன்பட்டது. அந்தக் கணக்கில் ஒரு பெயர் சாவதற்கு ஒரே வழிதான் உண்டு: ஆண் வாரிசு இல்லாமற்போவது. வாழ்க்கையிலோ, வாரிசுகள் நிறைந்திருக்கும்போதே பெயர் மறைந்துவிடுகிறது.

குடும்ப வரலாற்றை ஆராய்பவருக்குப் பெயர்தான் கையிலுள்ள நூல். நூல் எங்கே அறுந்தது என்று தெரிந்தால்தான் மறுமுனையைத் தேட முடியும். எல்லிஸ் தீவில் அறுந்தது என்று நம்பிவிட்டால் தேடலே அங்கு நின்றுபோகும்.

இனி ஆவணங்களைப் பார்ப்போம். எல்லிஸ் தீவு நிலையம் 1892 முதல் 1954 வரை இயங்கியது. ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதன் வழியாக வந்தார்கள். 1893-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பயணிகளின் பட்டியலைத் தயாரிக்க வேண்டியவர்கள் கப்பல்காரர்கள். அதுவும் நியூயார்க்கில் அன்று, புறப்படும் துறைமுகத்தில். ஒரு பட்டியலில் முப்பது பேருக்கு மேல் இருக்கலாகாது. அது சரியானது என்று அங்குள்ள அமெரிக்கத் தூதரக அதிகாரியின் முன் சத்தியம் செய்ய வேண்டும். ஒவ்வொருவருக்கும் பெயர், பட்டியல் எண், பட்டியலில் அவருடைய வரிசை எண் ஆகியவை எழுதிய சீட்டு தரப்படும். (படத்தில் சிறுவனின் உடையில் சீட்டு இருப்பது சரிதான்.) தகுதியற்றவர் என்று அமெரிக்கா திருப்பியனுப்பினால் அவரைத் தங்கள் செலவில் ஏற்றிச் செல்ல வேண்டியவர்களும் கப்பல்காரர்களே. ஆகையால் பட்டியல் எழுதுவதில் அவர்கள் ஏனோதானோவென்று இருக்க முடியாது.

எல்லிஸ் தீவு அதிகாரியின் முன்னால் இருந்தது இந்தப் பட்டியல்தான். அவர் பெயர்களைப் புதிதாக எழுதுபவர் அல்லர். எழுதி வந்ததைச் சரிபார்ப்பவர். எங்கே போகிறாய், கையில் பணம் எவ்வளவு, பயணச் செலவைக் கொடுத்தது யார் என்று கேட்டுப் பட்டியலோடு ஒப்பிடுவார். மொழிபெயர்ப்பாளர்களும் அங்கே இருந்தார்கள். பிற்காலத்தில் நியூயார்க் நகர மேயராகப் புகழ்பெற்ற லாகார்டியா, 1907 முதல் 1910 வரை அங்கே மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர்தான். இத்தாலிய மொழி அவருக்கு நன்றாகத் தெரியும். நேப்பிள்ஸ் துறைமுகத்தில் ஓர் இத்தாலியர் எழுதிய இத்தாலியப் பெயரை, இத்தாலிய மொழி அறிந்தவரை அருகில் வைத்துக்கொண்டு சரிபார்க்கும் இடத்தில், அந்தோலினி கோர்லியோனே ஆவதற்கு இடம் எங்கே?

பிழைகள் நேரவில்லை என்பதன்று. நேர்ந்திருந்தால் பெரும்பாலும் புறப்பட்ட துறைமுகத்தில் நேர்ந்திருக்கும். ஹாம்பர்க் நகரத்து ஜெர்மன் எழுத்தர் ஒரு போலந்துப் பெயரைத் தம் காதில் விழுந்தபடி எழுதுவார். ரஷ்ய எழுத்திலோ எபிரேய எழுத்திலோ பெயரெழுதிப் பழகியவருக்கு ரோமன் எழுத்தில் ‘சரியான’ வடிவம் என்று ஒன்று முன்னரே இருந்ததும் இல்லை. இது நமக்குப் புரியாத செய்தியா? ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் தந்தையின் பெயரை ஆங்கிலத்தில் இருவிதமாக எழுதுவதை நாம் பார்த்ததில்லையா?

எல்லிஸ் தீவில் அதிகாரிகளே ஒரு பெயரை மாற்றிய நிகழ்ச்சி ஒன்று பதிவாகியிருக்கிறது. குடிவரவுத் துறையின் வரலாற்றாசிரியராக இருந்த மரியன் ஸ்மித் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1908-இல் பிராங்க் வுட்ஹல் என்ற பெயரில் ஒருவர் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கினார். காசநோயாக இருக்கலாம் என்று ஐயுற்று அவரை நிறுத்திவைத்தபோது உண்மை வெளிப்பட்டது. அவர் கனடாவில் பிறந்த மேரி ஜான்சன். பெண்ணுக்குக் கிடைத்த வேலைகளில் வயிறு நிரம்பாததால், பதினைந்து ஆண்டுகளாக ஆணாகவே உடுத்து, ஆணாகவே உழைத்து வாழ்ந்தவர். அவரை உள்ளே அனுமதித்தார்கள். ஆனால் பட்டியலில் பிராங்க் வுட்ஹல் என்பதை அடித்துவிட்டு மேரி ஜான்சன் என்று எழுதினார்கள். சற்று எண்ணிப் பாருங்கள். அரசாங்கம் தன் எழுதுகோலைப் பயன்படுத்திய அந்த இடத்திலும், புதுப் பெயரை அது சூட்டவில்லை. பிழைப்புக்காக ஒருவர் தாமே தேடிக்கொண்ட பெயரை நீக்கிப் பழைய பெயரைத் திணித்தது.

அப்படியானால் இத்தனை குடும்பங்களின் பெயர் எப்போது மாறியது? வந்து இறங்கி, சில ஆண்டுகளோ பல ஆண்டுகளோ கழிந்த பிறகு. தொழிற்சாலை மேஸ்திரிக்கு வாயில் நுழையாத பெயர் சம்பளப் புத்தகத்தில் சுருங்கும். பள்ளி ஆசிரியை பிள்ளையின் பெயரை வேறுவிதமாக எழுதினால் வீடும் அதை ஏற்றுக்கொள்ளும். முன்பே வந்த அண்ணன் வைத்துக்கொண்ட பெயரைப் பின்னால் வரும் தம்பியும் எடுத்துக்கொள்வான். ஏமாற்றும் நோக்கம் இல்லாதவரை ஒருவர் தாம் விரும்பும் பெயரால் வழங்கலாம் என்பது அந்நாட்டில் வழிவழியாக வந்த சட்ட மரபு. நீதிமன்றத்துக்குப் போகவேண்டிய கட்டாயமே இல்லை. பெண்களின் பெயர் திருமணத்தில் மாறுவதைச் சொல்ல வேண்டியதில்லை. குடும்ப மரத்தில் பாதிப் பேர் பெண்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

போர்க் காலம் மற்றொரு காரணம். முதல் உலகப் போரில் ஜெர்மன் பெயர் என்றாலே பகை. 1917 ஜூலையில் பிரிட்டிஷ் அரச குடும்பமே தன் ஜெர்மன் பெயரைக் கைவிட்டு ‘விண்ட்சர்’ ஆனது. பாட்டன்பர்க் குடும்பம் மவுண்ட்பேட்டன் ஆயிற்று. மன்னருக்கே இந்த நிலை என்றால், அமெரிக்காவில் ரொட்டிக் கடை வைத்திருந்த ஷ்மிட் என்ன செய்திருப்பார்?

எல்லாவற்றையும்விட வலுவான காரணம் பிழைப்பு. வரலாற்றாசிரியர் கர்ஸ்டன் ஃபெர்மாக்லிக், நியூயார்க் நீதிமன்றங்களில் குவிந்து கிடந்த பெயர் மாற்ற மனுக்களை ஆராய்ந்து 2018-இல் ஒரு நூல் வெளியிட்டார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மனுச் செய்தோரில் யூதர்களே மிகுதி. அவர்களும் அப்போதுதான் கப்பலிலிருந்து இறங்கியவர்கள் அல்லர். கணவன், மனைவி, குழந்தைகள் என்று குடும்பமாகவே மனுச் செய்தார்கள். ‘உச்சரிக்கக் கடினம்’, ‘அயல்நாட்டுப் பெயராக ஒலிக்கிறது’ என்று காரணம் எழுதினார்கள். வேலை கிடைக்கவில்லை, கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை என்ற உண்மைக் காரணம் பெரும்பாலும் மனுவில் இராது. பெயரை மாற்றினாலும் தப்ப முடியாதபடி, தாயின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன, முன்பு வேறு பெயர் இருந்ததா என்றெல்லாம் விண்ணப்பப் படிவங்கள் கேட்கத் தொடங்கின. நியூயார்க் மாநிலத்தில் வேலை தருவதில் இன, மத வேற்றுமை பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1945-இல்தான் வந்தது.

பெயரை மாற்றியதால் பயன் இருந்ததா? 1930-க்குள் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்களின் தாள்களை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள், ஜான், வில்லியம் போன்ற பரவலான பெயர்களுக்கு மாறியவர்கள் குறைந்தது 14 விழுக்காடு கூடுதல் வருவாயுள்ள தொழில்களுக்கு உயர்ந்தார்கள் என்று கணக்கிட்டுள்ளனர். இது குடும்பப் பெயரைப் பற்றியதன்று; ஒருவருக்குச் சூட்டிய முதற் பெயரைப் பற்றியது. ஆயினும் ஒரு பெயருக்கு என்ன விலை இருந்தது என்பதை இது காட்டிவிடுகிறது.

இப்போது படத்தின் காட்சிக்குத் திரும்புவோம். என் முதன்மையான ஆட்சேபம் அது தவறான தகவல் தருகிறது என்பதன்று. அந்தக் காட்சியில் எவர் மீதும் பழி இல்லை. களைத்துப்போன ஒரு குமாஸ்தாவின் கைத்தவறு, அவ்வளவுதான். வேலை மறுத்த முதலாளி, இடம் மறுத்த கல்லூரி, வீடு மறுத்த சொந்தக்காரர் யாவரும் காட்சியிலிருந்து நழுவிவிடுகிறார்கள். தன் பெயரால் தன் பிள்ளைக்குத் தீங்கு வரும் என்று கண்டு, இரவெல்லாம் யோசித்து, நீதிமன்றப் படியேறிய தந்தையும் மறைந்துபோகிறார். ஃபெர்மாக்லிக் கூறுவதும் கவனிக்கத் தக்கது: எல்லிஸ் தீவுக் கதை அமெரிக்கரின் மனத்தில் ஊன்றியது 1970-களில்தான், முந்திய தலைமுறையோ பெயரை மாற்றியவர் யாரென்று அறிந்திருந்தது. பேரப்பிள்ளைகளிடம் ‘நான்தான் மாற்றினேன்’ என்று சொல்வதைவிட ‘மாற்றிவிட்டார்கள்’ என்று சொல்வது எளிது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கருத்து.

மாறியது என்று கருதப்படும் பழைய பெயர் மட்டும் ஆதிகாலத்துச் சொத்தா என்றால், அதுவும் இல்லை. ஆஸ்திரியப் பேரரசின் யூதர்கள் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிடப்பட்டது 1787-இல். அதற்கு முன் அவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போலவே தந்தை பெயரால் வழங்கியவர்கள்.

சரி, ஆய்வாளர் அறுந்த நூலை எப்படிப் பிடிப்பது? எழுத்து மட்டும் மாறியிருந்தால் ஒரு சுவையான உபாயம் உண்டு. அமெரிக்கரான ராபர்ட் ரசல் 1918-இல் காப்புரிமை பெற்ற ‘சவுண்டெக்ஸ்’ முறை அது. பெயரின் முதலெழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, மற்ற ஒலிகளை ஆறு வகையாக்கி எண் தருவது. ‘பி’, ‘எஃப்’, ‘வி’ போன்றவை 1. ‘டி’ ஒலிகள் இரண்டும் 3. ‘எம்’, ‘என்’ இரண்டும் 5. வல்லினமும் மெல்லொலியுமான இரண்டு ஒலிகளை ஒரே ‘ப’கரத்தால் எழுதிப் பழகிய நமக்கு இந்த யோசனை வியப்பூட்டாது. ஸ்மித், ஸ்மைத், ஷ்மிட் மூன்றும் எஸ்-530 என்ற ஒரே எண்ணில் வந்து நிற்கும். 1935-இல் அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, பிறப்புச் சான்று இல்லாத முதியவர்கள் தங்கள் வயதை மெய்ப்பிக்கப் பழைய மக்கள் கணக்கெடுப்பு ஏடுகளில் தேடவேண்டியிருந்தது. அதற்காக அந்த ஏடுகளுக்கு இம்முறையில் அட்டவணை தயாரித்தார்கள்.

ஆனால் இதன் ஆற்றலுக்கு எல்லை உண்டு. ஜெர்மன் மொழியில் தச்சரைக் குறிக்கும் சிம்மர்மன் என்பவர் அதே பொருளுள்ள ஆங்கிலச் சொல்லான கார்ப்பென்டர் ஆனால், எண் இசட்-565-இலிருந்து சி-615-க்குத் தாவிவிடும். அந்தோலினி ஏ-534; கோர்லியோனே சி-645. ஒலி வழியே போகும் கருவிக்கு மனிதனின் முடிவு பிடிபடாது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே இறங்கும் ஒய் குரோமோசோமைச் சோதித்து, பெயர் வேறுபட்ட இருவர் ஒரே ஆண் வழியினர் என்று இன்று கண்டறியலாம். எனினும் பெயர் ஏன் மாறியது என்பது எந்த உயிரணுவிலும் எழுதப்பட்டிருக்காது.

அதற்குத் தாள்தான் வேண்டும். நல்ல வேளையாக அது இருக்கிறது. 1906-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், குடியுரிமை வழங்கும்போதே பெயரை மாற்றிக்கொள்ளவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்தது. அதே சட்டத்தால், அதன்பின் வந்திறங்கியவர்கள் எந்தப் பெயரில், எந்தக் கப்பலில் வந்தார்கள் என்பதைப் பழைய பயணிகள் பட்டியலோடு ஒப்பிட்டுச் சான்று வாங்கவேண்டியதாயிற்று. ஆகவே பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே கோப்பில் அருகருகே இருக்கக் காணலாம். எல்லிஸ் தீவிலிருந்து முன்னோக்கி வராமல், குடியுரிமைத் தாளிலிருந்து பின்னோக்கிப் போனால் வழி திறக்கும்.

எழுதுகோல் எங்குமே பெயரை மாற்றவில்லை என்று நான் சொன்னதாக எண்ணவேண்டாம். எழுதுபவருக்கு முழு அதிகாரமும், எழுதப்படுபவருக்குச் சொல்ல வாயும் இல்லாத இடங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று நம்மவர்களைச் சேர்ந்தது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதுமுதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றோர் ஏறக்குறைய 1,52,000 பேர். அவர்களில் பெரும்பான்மையினர் சென்னையில் கப்பலேறியவர்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர் எழுதப்பட்டன. குடும்பப் பெயர் என்று ஒன்றை அவர்கள் கொண்டுபோகவில்லை. ஆங்கில ஆட்சியின் ஏடுகளுக்கோ அது தேவைப்பட்டது. கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆகவும், முதலியார் ‘மூட்லி’ ஆகவும் எழுதப்பட்டு நிலைத்துவிட்டன. வேறு பலருக்குப் பாட்டனின் சொந்தப் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது.

இன்று டர்பனில் இருந்துகொண்டு தன் முன்னோரின் ஊரைத் தேடும் ஒருவர், கோவெண்டர் என்ற பெயரோடு கப்பல் பட்டியலைப் புரட்டினால் கைக்கு ஒன்றும் அகப்படாது. வீட்டிலுள்ள பழைய திருமணப் பதிவிலோ பிறப்புப் பதிவிலோ பாட்டனாருக்கு அரசு தந்த குடியேற்ற எண் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். பெயரை எத்தனை கைகள் எத்தனை விதமாக எழுதியிருந்தாலும் அந்த எண்ணை யாரும் மாற்றவில்லை. அதைக் கொண்டு தேடினால் பட்டியலில் ஒரு வரி கிடைக்கும். அதில் ஒரு தந்தையின் பெயரும், அதற்கப்பால் ஓர் ஊரின் பெயரும் இருக்கும்.